மவுஸை மேம் கையில கொடுங்க

உங்க டிபார்ட்மென்ட்லயும் இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. சாக்பீஸ் கையில் இருக்கும்போது அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. நோட்ஸ் பார்க்காமல் ரெண்டு போர்டு நிறைய டெரிவேஷன் போடுவாங்க, ஒரு மைனஸ் கூட இடம் மாறாது. அதே ஆள் ப்ரொஜெக்டர் முன்னாடி நின்றால் குரலே இறங்கிவிடும். கர்சர் திரையில் வழி தெரியாத ஆள் மாதிரி சுத்தும். கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் சிரிப்பான். அப்புறம் முதல் பெஞ்சைப் பார்த்து, "யாராவது வந்து கொஞ்சம் பாருங்கப்பா."

நாம எழுந்து போவோம். மவுஸை வாங்குவோம். டக் டக்குனு நாலு க்ளிக். "ஓகே மேம்." முடிஞ்சது.

அந்த நாலு க்ளிக் உதவியே இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு செமஸ்டர் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். (எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். ழகர ளகரப் பிழை இருந்தால் எடிட்டர் டீமைத் திட்டுங்க, ப்ரூஃப் பார்த்தது அவங்கதான்.)

நான் ஃபைனல் இயர் ட்ரிபிள்ஈ. எங்களுக்கு செகண்ட் இயர்ல சர்க்யூட் தியரி எடுத்த மேம் இருபது வருஷத்துக்கு மேல அதே சப்ஜெக்ட் எடுத்துக்கிட்டு இருக்காங்க. போன வருஷம் கோர்ஸ் ஃபைலில் புதுசா ஒரு காலம் வந்தது: "பயன்படுத்திய டிஜிட்டல் டூல்ஸ்." எல்லா ஸ்டாஃபும் அதை நிரப்பணும். மேம் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு இதெல்லாம் வரும்ல, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுப்பா"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரே பெருமை. ஒரு வாரத்தில் எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டேன். ஸ்லைடு, அனிமேஷன், கூகுள் ஃபார்ம்ல க்விஸ், ரிசல்ட் தானா வந்து விழுற ஷீட். எல்லாம் என் டிரைவ்ல, என் அக்கவுண்ட்ல. மேம் செய்ய வேண்டியது கிளாஸில் அந்த லேப்டாப்பைத் திறந்து அடுத்த அடுத்த பட்டனை அழுத்துவது மட்டும். மூணு வாரம் நல்லா ஓடுச்சு. ஸ்டாஃப் ரூம்ல என் பேர் கொடி கட்டிப் பறந்தது.

நாலாவது வாரம் எனக்கு ஒரு ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூ, வெளியூரில். ஃபோனை வாசலிலேயே வாங்கி வச்சுட்டாங்க. அதே நேரம் இங்கே கிளாஸ்ல லேப்டாப் என் அக்கவுண்ட்ல இருந்து லாக்-அவுட் ஆகி, "உங்க ஃபோனுக்கு வந்த நம்பரை டைப் பண்ணுங்க"ன்னு கேட்டிருக்கு. யாரோட ஃபோனுக்கு? என்னோட ஃபோனுக்கு. மேம் எட்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஒரு பீரியட்ல பாதி அப்படியே போச்சு. அவங்க திரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதை ஒரு பையன் வீடியோ எடுத்து, பின்னாடி ஒரு காமெடி பாட்டைப் போட்டு, க்ளாஸ் குரூப்ல விட்டுட்டான். சாயந்திரம் ஃபோன் கைக்கு வந்ததும் முதல்ல நான் பார்த்தது அந்த வீடியோவைத்தான். எனக்கும் ஒரு செகண்ட் சிரிப்பு வந்தது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

மறுநாள் போய் சாரி கேட்டேன். மேம் திட்டவே இல்லை. "பரவாயில்லப்பா. எனக்கு இதெல்லாம் வேண்டாம். போர்டு போதும்." அவ்வளவுதான். கோர்ஸ் ஃபைல் காலத்தில் "பிபிடி" என்று மட்டும் எழுதினாங்க.

தப்பு எங்கே என்று ரொம்ப நாள் யோசித்தேன். முதலில் பாஸ்வேர்டுதான் பிரச்சினை என்று நினைத்தேன். மேம் பெயரிலேயே அக்கவுண்ட் போட்டிருந்தால் சரியாகியிருக்கும், இல்லையா? அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மூணு வாரமும் கிளாஸ்ல பேசினது மேம், ஆனா பாடத்தை அடுக்கினது நான். ஓம் விதியைப் போன வருஷம்தான் பரீட்சைக்குப் படிச்ச ஒருத்தன், இருபது வருஷம் எடுத்தவங்களுக்கு எந்த ஸ்லைடு எப்போ வரணும்னு முடிவு பண்ணியிருக்கான்! லாக்-அவுட் ஆகாமலே இருந்திருந்தாலும் அது அவங்க கிளாஸ் ஆகியிருக்காது.

இதை நான் மட்டும் கண்டுபிடிக்கலை. கல்வி ஆராய்ச்சியில் இதற்கு ஒரு பெயரே இருக்கு. 1986-ல் லீ ஷுல்மன் என்பவர் ஒரு விஷயத்தைத் தெளிவா எடுத்து வச்சார்: பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகப் பாடம் நடத்தத் தெரிவது இன்னொன்று, ஆனால் நல்ல ஆசிரியரிடம் இருப்பது மூன்றாவது ஒன்று. இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பசங்க எப்படி தப்பாப் புரிஞ்சுப்பாங்க, அதை எந்த உதாரணம் சரி பண்ணும் என்கிற அறிவு. 2006-ல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோஹ்லர் என்ற ரெண்டு பேர் அதோடு டெக்னாலஜியைச் சேர்த்தாங்க. டீபேக் என்று சொல்வாங்க. டூல் தெரிவது தனியாக, பாடம் தெரிவது தனியாக, கற்பித்தல் தெரிவது தனியாக இருந்தால் பயனில்லை, மூணும் ஒண்ணை ஒண்ணு தொடுற இடத்தில்தான் விஷயமே இருக்கு என்பது அவங்க வாதம். இதில் மிஸ்ரா நம்ம ஆள். பிட்ஸ் பிலானியில் எலக்ட்ரிக்கல் படிச்சிட்டு அந்தப் பக்கம் போனவர். ஃபைனல் இயரில் "அடுத்து என்ன பண்ணப் போற"ன்னு கேட்கிற சொந்தக்காரங்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைச்சது.

இப்போ என் கதைக்குத் திரும்பினால், நான் மேமுக்கு டூல் மட்டும் கொண்டுபோய் வச்சேன். அந்த மூன்றாவது அறிவு அவங்ககிட்ட மூட்டை மூட்டையா இருந்தது. நான் கேட்கவே இல்லை.

அடுத்த செமஸ்டர் தொடக்கத்தில் தயங்கித் தயங்கிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மேம், முதல் யூனிட்ல ஒவ்வொரு பேட்ச்சும் தவறாம விழுற இடம் எது?"

யோசிக்கவே இல்லை அவங்க. "ஷார்ட் சர்க்யூட்"னு சொன்னாங்க. "ஃபார்முலா எழுதுவாங்க. ஆனா சீரீஸ்ல ரெண்டு பல்ப் இருக்கு, ஒண்ணுக்குக் குறுக்கே ஒரு வயரைப் போட்டா இன்னொண்ணு என்ன ஆகும்னு கேட்டுப் பாரு. பாதிப் பேரு ரெண்டும் அணைஞ்சிடும்பான். ஷார்ட்னா எல்லாம் போச்சுன்னு மனசுல பதிஞ்சிருக்கு. வீட்டுல ஃபியூஸ் போறதைப் பார்த்திருக்கானே, அதான்." அப்படியே இன்னும் ரெண்டு இடம் சொன்னாங்க. நான் நோட்டில் எழுதிக்கிட்டே இருந்தேன். செகண்ட் இயர்ல எழுதினதை விட அன்னைக்கு அதிகமா எழுதினேன்.

நீங்களும் இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ஐடியல் பேட்டரி ஒண்ணு, ஒரே மாதிரி ரெண்டு பல்ப் சீரீஸ்ல. வலது பல்புக்குக் குறுக்கே ஒரு வயர். இடது பல்ப் என்ன ஆகும்? ஏ: அணையும். பி: அப்படியே இருக்கும். சி: வெளிச்சம் கூடும். டி: குறையும். கீழே படிக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஓட்டுப் போட்டுடுங்க.

இந்த மாதிரி கேள்வியை வச்சே பாடம் நடத்துற ஒரு முறை இருக்கு. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-ல் ஆரம்பித்தது. அவருடைய பசங்க கஷ்டமான கணக்கெல்லாம் போடுவாங்க, ஆனா அடிப்படையான ஒரு கேள்வி கேட்டா தடுமாறுவாங்க. தான் நல்லா நடத்துறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய அடி. அதனால் வகுப்பின் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு, தனித்தனியா ஓட்டுப் போடச் சொல்லி, பக்கத்தில் இருக்கிறவனோடு வாதாடச் சொல்லி, மறுபடியும் ஓட்டுப் போடச் சொல்கிற முறைக்கு மாறினார். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் முதல் தடவை சரியாகச் சொன்னால்தான் இந்த வாதம் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் வாதாட ஆளே இருக்காது, மறுபடி நடத்தணும். மேலே போனால் ஒரு வரியில் விளக்கிட்டு நகர்ந்துடலாம். கேள்வி சரியான கஷ்டத்தில் இருக்கணும் என்பதுதான் இதில் உயிர்நாடி. அந்தக் கஷ்டத்தை யார் அளப்பது? பசங்க எங்கே விழுவாங்கன்னு தெரிந்தவங்க. மறுபடியும் மேம்.

ஓட்டு எண்ணத்தான் டூல். கிளாஸ்ல எல்லாரும் ஃபோனை எடுங்கன்னு சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், தவிர எங்க பிளாக்கில் சிக்னல் ஜன்னலோர பெஞ்சுக்கு மட்டும்தான். அதனால் ப்ளிக்கர்ஸ் என்ற ஆப்பை எடுத்தோம். இதில் மாணவர்களுக்கு ஃபோனே வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காகித அட்டை. அதில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு வடிவம், நாலு பக்கமும் சின்ன எழுத்தில் ஏ, பி, சி, டி. உங்க பதில் எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கணும். ஆசிரியர் தன் ஃபோன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு தடவை மெதுவாகக் காட்டினால் போதும், யார் எந்தப் பதில் என்று எண்ணிவிடும். பக்கத்து பெஞ்ச்காரனால் காப்பியடிக்க முடியாது, ஏன்னா ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேற வேற. அட்டை 63 வரை பிரிண்ட் எடுத்துக்கலாம். எங்க கிளாஸுக்கு அது போதும்.

இதோடு ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய இலவச சிமுலேஷன்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்திருந்தது. அதில் சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட் என்று ஒன்று. பேட்டரி, வயர், பல்ப் எல்லாத்தையும் இழுத்துப் போட்டு சர்க்யூட் கட்டலாம், எலக்ட்ரான் ஓடுவது நீலப் புள்ளியா தெரியும். ஃபைலை டவுன்லோடு பண்ணி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும்.

ரெண்டே ரெண்டு டூல். அதுக்கே நாலு சாயந்திரம் ஆச்சு. இந்த நாலு சாயந்திரம்தான் இந்தக் கட்டுரையில் நீங்க முக்கியமாப் படிக்க வேண்டியது.

முதல் விதி, என் கை முதுகுக்குப் பின்னாடி. மவுஸ், கீபோர்டு, ஃபோன் எல்லாம் மேம் கையில். நான் வாயால் மட்டும் சொல்லணும். இது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். அவங்க கர்சரை மெனு பக்கத்தில் கொண்டுபோய், தயங்கி, வேற எங்கேயோ போகும்போது கை தானா நீளும். ரெண்டாவது நாள் நான் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நின்னேன்.

"இது ரொம்ப ஈஸி மேம்" என்று சொல்லாதீங்க. தைரியம் கொடுக்கிறதா நினைச்சுத்தான் சொல்வோம். கேட்கிறவங்களுக்கு எப்படி விழும்? ஈஸியான விஷயமே எனக்கு வரலையேன்னு விழும். முதல் நாள் நான் இதை எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே தெரியாது. கடைசியில் மேம், "உனக்கு ஈஸிப்பா. நான் உனக்கு முதல் தடவை மெஷ் அனாலிசிஸ் எடுத்தப்ப ஈஸின்னு சொன்னேனா?"ன்னு கேட்டாங்க. சொல்லலை. பொறுமையா மூணு தடவை போட்டுக் காட்டினாங்க. அதுக்கப்புறம் "இந்த இடத்துல எனக்கும் குழம்புச்சு மேம்"னு சொல்ல ஆரம்பிச்சேன். பல இடத்தில் அது உண்மையும் கூட.

அக்கவுண்ட் அவங்க பேரில், பாஸ்வேர்டு அவங்க வச்சது, நம்பர் வர்றது அவங்க ஃபோனுக்கு. நான் திரும்பி நின்னுக்கிட்டேன். மாணவர் பட்டியலில் பெயருக்குப் பதிலா ரோல் நம்பர் மட்டும் போட்டோம். யார் தப்பா சொன்னாங்கன்னு பெரிய திரையில் பெயரோட காட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இது மேம் சொன்ன யோசனை. அந்த வீடியோவுக்கு அப்புறம் அவங்களுக்கு அது தெரியாம இருக்குமா?

ப்ராக்டிஸ் எல்லாம் நிஜமா கிளாஸ் நடக்கப்போற அறையில், அதே ப்ரொஜெக்டரில். ஸ்டாஃப் ரூம்ல நல்லா வந்தது கிளாஸ்ல வராததுக்குப் பாதிக் காரணம் கேபிள்தான். விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் லேப்டாப்பில் இருப்பது அப்படியே ப்ரொஜெக்டரிலும் தெரியுமா, வேற வேறயா தெரியுமான்னு தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மேம் கத்துக்கிட்ட அன்னைக்கு முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! எத்தனை வருஷமா அதனால தடுமாறியிருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது. ஒவ்வொரு ஸ்டெப்பையும் தன் கையெழுத்தில் ஒரு பழைய லேப் நோட்டில் எழுதிக்கிட்டாங்க. நான் அழகா டைப் பண்ணி பிடிஎஃப் தர்றேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. அவங்க சொன்னது சரி. தானா எழுதினாத்தான் எங்கே சந்தேகம்னு தெரியும்.

கிளாஸ் நாள். நான் கடைசி பெஞ்சில். முதலில் மேம் போர்டில் சாக்பீஸால் சர்க்யூட்டை வரைஞ்சு கேள்வியைக் கேட்டாங்க. அட்டை எல்லாம் மேலே போச்சு. ஃபோனைக் காட்டினா முதல் ரெண்டு வரிசை வருது, பின்னாடி வரிசை வரவே இல்லை. காரணம் நான். அட்டை கிழியக் கூடாதுன்னு செலவு பண்ணி லேமினேட் பண்ணிக் கொடுத்திருந்தேன். ட்யூப்லைட் அதில் பளபளன்னு அடிக்குது, கேமராவுக்கு வடிவமே தெரியலை. மேம் என்னைத் தேடலை. ரெண்டு லைட்டை அணைக்கச் சொன்னாங்க, நாலு எட்டு நடந்து கிட்ட போனாங்க, வந்துடுச்சு. நடுவுல சிலிண்டர்காரர் வேற ஃபோன் பண்ணிட்டார். க்ளாஸே சிரிச்சது, மேமும் சிரிச்சுட்டாங்க. (ஃபோனை டிஸ்டர்ப் பண்ணாத மோடில் போடுறது என்கிற ஸ்டெப் நோட்டில் இல்லை. அன்னைக்கு சாயந்திரம் சேர்த்தாச்சு.)

மூணில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் சரி. அதிகம் பேர் ஏ, அணையும். மேம் சொன்னது அப்படியே. இப்போதான் நிஜமான கஷ்டம் ஆரம்பிச்சது, அது ஆப்பில் இல்லை. பதிலைச் சொல்லாமல் ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணும். இருபது வருஷமா கேள்வி கேட்டு அஞ்சு செகண்டில் தானே பதில் சொல்லிப் பழகினவங்க. பசங்க சத்தமா வாதாடுறாங்க, கிளாஸ் சந்தை மாதிரி இருக்கு, வெராண்டாவில் யாரோ எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. மேம் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கிட்டே நின்னாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் ஷூவைப் பார்த்தேன்.

ரெண்டாவது ஓட்டில் சி நிறைய ஏறிடுச்சு. அதுக்கப்புறம்தான் சிமுலேஷனைத் திறந்தாங்க. வயரை இழுத்து வலது பல்புக்குக் குறுக்கே வச்சதும் வலது அணைஞ்சது, இடது பல்ப் பளிச்சுன்னு கூடிச்சு. முதல்ல ரெண்டும் வோல்டேஜைப் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டு இருந்தது, இப்போ முழுசும் ஒண்ணுக்கே வருது. வோல்டேஜ் ரெண்டு மடங்கு, பவர் நாலு மடங்கு. சி சொன்னவங்க சத்தம் போட்டாங்க.

அதோட நிறுத்தியிருந்தா நல்ல டெமோ, அவ்வளவுதான். மேம் பையில் இருந்து ஒரு மரப்பலகையை எடுத்தாங்க. அதில் ரெண்டு டார்ச் பல்ப், ஒரு பேட்டரி. இது பற்றி என்கிட்ட சொல்லவே இல்லை. நிஜத்திலும் வயரை வச்சுக் காட்டினாங்க. முன் பெஞ்சில் ஒரு பொண்ணு கேட்டா: "மேம், நாலு மடங்குன்னு சொன்னீங்க, ஆனா அவ்வளவு கூடலையே?" மேம் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். சிமுலேஷனில் நாம சாதாரணமா எடுக்கிற பல்ப் ஓம் விதிக்கு அப்படியே கட்டுப்பட்டு நடக்கும். நிஜ ஃபிலமென்ட் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் நாம எதிர்பார்க்கிற அளவு ஏறாது. பேட்டரியும் ஐடியல் இல்லை, உள்ளே அதுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. லேப்டாப்பை மூடிட்டு போர்டுக்குப் போனாங்க. அடுத்த பதினஞ்சு நிமிஷம் பழைய மேம். நான் செகண்ட் இயரில் படிச்சப்போ இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சதா நினைச்சுக்கிட்டு பாஸ் ஆகிட்டேன்.

நான் தனியா செஞ்ச ஸ்லைடில் இது வந்திருக்குமா? சிமுலேஷன் எங்கே பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சவங்க கையில்தான் சிமுலேஷன் பாடம் ஆகும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஓட்டு எண்ண இந்த ஆப்தான் வேணும்னு இல்லை. நதானியல் லாஸ்ரி என்பவர் 2008-ல் இதையே சோதித்துப் பார்த்தார்: மசூர் முறையில் ஒரு குரூப் எலக்ட்ரானிக் க்ளிக்கர், இன்னொரு குரூப் வெறும் அட்டை. கற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. க்ளிக்கர் ஆசிரியருக்கு எண்ணிக்கையைச் சேமித்துக் கொடுக்குது, அது வசதி. பசங்களுக்குப் புரிய வச்சது கேள்வியும் வாதமும்தான். ஆகவே கரண்ட் போனால் கை தூக்கச் சொல்லிக்கூட நடத்தலாம். மேம் ஒரு தடவை அப்படியும் நடத்தினாங்க.

இப்போ நீங்க கேட்கலாம், ஸ்டாஃபுக்குத்தான் எஃப்டிபி எல்லாம் இருக்கே, நாம எதுக்கு நடுவுல? நியாயமான கேள்வி. முதலில் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஸ்கூல் டீச்சர் ஆகணும்னா பிஎட் மாதிரி ஒரு ஆசிரியர் பயிற்சிப் படிப்பு படிக்கணும். நம்ம ஸ்டாஃப் எம்இ, பிஎச்டி முடிச்சு நேரா கிளாஸுக்கு வந்தவங்க. எப்படி நடத்தணும்னு யாரும் அவங்களுக்கு முறையா சொல்லித் தந்ததில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஏஐசிடிஇ எட்டு மாட்யூலில் ஆசிரியர் பயிற்சி ஒன்றை வைத்திருக்கு. அதில் ஒரு மாட்யூல் முழுக்க டெக்னாலஜி வழிக் கற்றல் பற்றியது. தரமணியில் 1964-ல் இருந்தே தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கு. அடல் அகாடமி எஃப்டிபிகள் வேற. வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனா நடைமுறையில் ஒரு சாதாரண ஆன்லைன் எஃப்டிபி எப்படி இருக்கும்? மேம் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னாங்க. ரெண்டு மணி நேரத்தில் பதினோரு டூல். பேசுறவர் வேகமா க்ளிக் பண்ணிக்கிட்டே போறார், நாம அந்த முதல் பாராவில் பண்ணின அதே நாலு க்ளிக். கடைசியில் ஒரு க்விஸ், ஒரு சர்டிஃபிகேட். மேம் கேமராவை ஆஃப் பண்ணிட்டு லேப் ரெக்கார்டு திருத்திக்கிட்டு இருந்தாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூணு சப்ஜெக்ட், ரெண்டு லேப், அக்ரெடிட்டேஷன் ஃபைல், எக்ஸாம் டியூட்டி, அதோட மென்டரிங் என்ற பேரில் நம்ம எல்லாரோட அட்டெண்டன்ஸ் பஞ்சாயத்து. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980களிலேயே இதைச் சொல்லிட்டாங்க: விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, பயிற்சி கொடுத்தாலும், அப்புறம் சொந்த வகுப்பில் செய்யும்போது கூட ஒரு ஆள் இல்லைன்னா பெரும்பாலும் அது வகுப்புக்கே போய்ச் சேராது. அந்தக் கூட இருக்கிற ஆள் இன்னொரு ஆசிரியரா இருப்பதுதான் சிறப்பு. ஆனா கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க நம்மாலும் முடியும்.

தனியா கத்துக்க விரும்புற ஸ்டாஃபுக்கு ஐஐடி பாம்பே ஸ்போக்கன் ட்யூட்டோரியலைச் சொல்லுங்க. பத்து நிமிஷ அளவு வீடியோக்கள், தமிழிலும் நிறைய இருக்கு. பாதித் திரையில் வீடியோ, பாதித் திரையில் அந்த சாஃப்ட்வேர், நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்யணும் என்பதுதான் அவங்க முறை. அதில் மவுஸ் எப்பவும் கத்துக்கிறவங்க கையில்தான்.

எல்லாத்துக்கும் டூல் போட வேண்டியதும் இல்லை. தெவனின் தேற்றத்துக்கு என்ன பண்ணலாம்னு நான் ஆர்வமா ஒரு லிஸ்ட்டோட போனேன். மேம் ஒரு பார்வை பார்த்துட்டு, "இதுக்குப் போர்டுதான். ஒவ்வொரு வரியும் நான் எழுதுற வேகத்துல அவங்களும் எழுதினாத்தான் ஏறும். ஸ்லைடுல போட்டா ஃபோட்டோ எடுத்துட்டுப் படுத்துடுவாங்க"ன்னுட்டாங்க. டூல் தெரியாம வேண்டாம்னு சொன்னதுக்கும், தெரிஞ்சு வேண்டாம்னு சொன்னதுக்கும் எனக்கு அன்னைக்கு வித்தியாசம் தெரிஞ்சது. லிஸ்ட்டை மடிச்சு வச்சுட்டேன்.

அந்த வீடியோ எடுத்த பையன் இப்போ தேர்ட் இயர். அவனைக் கூப்பிட்டு மேம் எதுவும் கேட்டதா எனக்குத் தெரியலை. ஜூனியர்ஸ் க்ளாஸுக்கு புது அட்டை செட் பிரிண்ட் எடுத்து வெட்டிக் கொடுத்தது அவன்தான். தானா வந்து கேட்டான்.

போன வாரம் மேம் ரூமுக்குப் போனப்போ ஒரு தாளை நீட்டினாங்க. அடுத்த கேள்வி, முழுக்க அவங்க எழுதினது. பேட்டரி, பல்ப், பெரிய கெப்பாசிட்டர், மூணும் சீரீஸ்ல. ஸ்விட்ச் போட்ட அந்த நொடி பல்ப் எரியுமா? கொஞ்ச நேரம் கழிச்சு? நாலு ஆப்ஷன். எதுக்கு பசங்க ஏமாறுவாங்கன்னு ஓரத்தில் பென்சிலால் குறிச்சிருந்தாங்க. கெப்பாசிட்டர் ஏசி கிட்டில்தான் இருக்குன்னு தானே தேடிக் கண்டுபிடிச்சு, அதையும் டவுன்லோடு பண்ணி வச்சிருந்தாங்க. நான் செய்ய எதுவுமே இல்லை. டீ குடிச்சிட்டு வந்தேன்.

உங்க டிபார்ட்மென்ட்டில் யாராவது முயற்சி பண்ணிப் பார்க்கணும்னா அட்டை எங்க சர்க்யூட்ஸ் லேபில் ரெண்டு செட் இருக்கு. கொஞ்சம் தடிமனான பேப்பர், லேமினேட் பண்ணாதது. என்னைக் கேட்காதீங்க, மேமைக் கேளுங்க. அக்கவுண்ட் அவங்க பேரில்தான் இருக்கு.